மூழ்கிய ஊரும் மூழ்கும் கண்ணும்

தெளிவு என்னும் சொல்லைத் தமிழர் நீருக்கும் வழங்கினர், அறிவுக்கும் வழங்கினர். கலங்கிய குளம் தெளிகிறது. கலங்கிய நெஞ்சும் தெளிகிறது. இரண்டுக்கும் சொல் ஒன்றே. நீருக்குள் இறங்கிப் படம் பிடிக்க விழைவோனுக்கு இவ்விரு தெளிவும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் அவன் கரைக்குக் கொண்டுவருவது பச்சை நிறப் புகைமூட்டமே.

தமிழ்ப் பண்டிதன் ஒருவனுக்கும் நீரடிப் படத்துக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவலாம். இன்று என் மாணவர் சிலருக்கு வீடியோ கமரா எளிதாகக் கைக்கு எட்டுகிறது. அதனை நீர்புகாப் பேழையுள் அடைத்து, விடுமுறையில் கடலில் இறக்கிப் படம் பிடித்து வந்து காட்டுகின்றனர். பத்துப் படங்களுள் ஒன்பது ஆடுகின்றன, மங்குகின்றன, நீலத்தில் கரைகின்றன. பத்தாவது மட்டும் கண்ணைக் கட்டி நிறுத்துகிறது. அஃது ஏன் என்று ஆராயத் தலைப்பட்டேன். ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலான மற்றொரு காரணமும் உண்டு. நம் மலைநாட்டில் நீருக்கடியில் ஓர் ஊரே கிடக்கிறது.

மஸ்கெலியா ஓயாவை மறித்து எழுப்பிய மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1969இல் நிறைவெய்தியது. பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மறைந்தது. மேட்டு நிலத்தில் புதிய நகரம் எழுந்தது. கடும் வறட்சியில் நீர்மட்டம் தாழும் காலத்தில் பழைய கோயிலின் எச்சங்களும், புத்தர் சிலையும், பள்ளிவாசலின் எச்சங்களும் சேற்றினின்றும் தலை தூக்குகின்றன. செய்தி கேட்ட மக்கள் சென்று கண்டு வருகின்றனர். மழை பொழிகிறது, மீண்டும் நீர் மூடுகிறது. இவ்வாறு நனைவதும் காய்வதுமாக இருக்கும் சுவர் எத்துணைக் காலம் நிற்கும்? அக்கடைத்தெருவில் நடந்த கால்களோ முதுமையுற்றுவிட்டன. அன்று பத்து வயதுச் சிறுவனாய் இருந்தவர் இன்று அறுபதைக் கடந்தவர். எனக்கு அந்நகர் கேள்விச் செல்வம் மட்டுமே. என் மாணவர்க்கோ அதுவும் இல்லை. சுவர் கரையுமுன், சொல்வோர் மறையுமுன், அதனைப் படத்தில் பதித்தல் வேண்டாவா?

மூழ்கிய பொருளை மக்கள் கண்முன் கொணர்ந்த முன்மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற கோணேசர் கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் இடித்தனர். அதன் கற்கள் சில கோட்டைக்குப் போயின. சில கடலுள் வீழ்ந்தன. 1956இல் ஆங்கிலேயராகிய மைக் வில்சன் சுவாமிமலை அடிவாரத்துக் கடலில் மூழ்கி, செதுக்கிய தூண்களையும் கற்களையும் கண்டார். அவருடைய நண்பர் ஆர்தர் சி. கிளார்க், 1957இல் வெளிவந்த தம் நூலொன்றில் அச்செய்தியை உலகுக்கு உரைத்தார். கடலடியில் கிடைத்த இலிங்கம் ஒன்று மீண்டும் கோயிலை அடைந்தது. பின்னர் வில்சன் இயக்கிய ‘ரன்முத்து தூவ’ என்னும் சிங்களத் திரைப்படம் 1962இல் வெளிவந்தது. முழுநீள வண்ணத்தில் அமைந்த முதற் சிங்களப் படம் அது. திருகோணமலைக் கடலின் அடித்தளத்தைக் கொட்டகையில் அமர்ந்தபடியே மக்கள் கண்டனர்.

அக்காலத்து 16 மில்லிமீற்றர் கமராவில் 100 அடிச் சுருள் மூன்று நிமிடமும் ஓடாது. சுருள் தீர்ந்தால் மேலே வந்து, பேழையைத் துடைத்துத் திறந்து, புதிய சுருள் இட்டு மீண்டும் மூழ்க வேண்டும். ஆதலால் எதைப் பிடிப்பது, எங்கு நின்று பிடிப்பது என்பதை மூழ்குமுன்னரே எண்ணித் துணிந்தனர். இன்றைய கருவி மணிக்கணக்கில் ஓடும். எண்ணிப் பிடிக்கும் வழக்கமோ அருகிவிட்டது. நல்ல படத்துக்கும் கெட்ட படத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டின் பெரும்பகுதி இங்கேயே தொடங்குகிறது.

இனி நீரின் இயல்பை நோக்குவோம்.

நீர் முதலில் நிறத்தைத் திருடுகிறது. கதிரவன் ஒளி நீருள் புகுந்ததும் செந்நிறம் முன்னதாக மறைகிறது. ஐந்தாறு மீற்றர் ஆழத்துக்குள் அதன் பெரும்பகுதி போய்விடும். அடுத்துச் செம்மஞ்சள் போகும், பின் மஞ்சள் போகும். தெளிந்த கடலில் இறுதிவரை துணை வருவது நீலம். நம் நீர்த்தேக்கங்களிலோ மண்ணும் மட்கிய இலைச்சாறும் கலந்திருத்தலால் நீலமும் குன்றிப் பச்சையும் மஞ்சளுமே எஞ்சும். இதற்குப் பரிகாரம் யாது? படம் பிடிக்கும் ஆழத்திலேயே வெண்ணிறப் பலகை ஒன்றைக் கமராவின் முன் காட்டி, ‘இதுவே வெண்மை’ என்று கருவிக்குக் கற்பித்தல் வேண்டும். ஆழம் மாறும்போதெல்லாம் மீண்டும் கற்பித்தல் வேண்டும். நீலக் கடலில் வில்லையின் முன் செந்நிற வடிகண்ணாடி பொருத்துதலும் உதவும். ஆயின் அது கதிரவன் ஒளியில் மட்டுமே பயன்படும்; விளக்கை ஏற்றினால் அகற்றிவிட வேண்டும்.

நீர் அடுத்துத் தூரத்தைத் திரிக்கிறது. தட்டையான கண்ணாடி வழியே நோக்கினால் நான்கு மீற்றர் தொலைவில் உள்ள பொருள் மூன்று மீற்றரில் இருப்பதுபோல் தோன்றும். உருவமும் மூன்றில் ஒரு பங்கு பெருத்துத் தோன்றும். காட்சியின் அகலமும் சுருங்கும். குவிந்த கண்ணாடி முகப்புடைய பேழைகள் இக்குறையைப் பெரிதும் நீக்குவன.

நீர் மூன்றாவதாகத் தெளிவைக் கெடுக்கிறது. கமராவுக்கும் பொருளுக்கும் இடையில் உள்ள நீர் முழுவதிலும் நுண்துகள்கள் மிதக்கின்றன. இதனாலேயே நீரடிப் படக்கலையின் தலையாய விதி ‘நெருங்கு’ என்பதாயிற்று. தொலைவில் நின்று வில்லையை நீட்டிப் பொருளை இழுத்தால், இடையில் உள்ள கலங்கலையும் சேர்த்தே இழுப்போம். வில்லையை அகல விரித்துவிட்டு உடலால் நெருங்க வேண்டும். ஒரு மீற்றருக்குள் நெருங்கினால் கலங்கிய நீரும் ஓரளவு வழிவிடும். விளக்கை வில்லையின் அருகே பிடித்தல் பெரும் பிழை. துகள் ஒவ்வொன்றும் பனித்துளிபோல் மின்னிப் படத்தை மறைக்கும். மூடுபனியில் முகப்பு விளக்கை உயர்த்திய லொறிச் சாரதி வெண்சுவரை அன்றி வேறொன்றும் காணான் என்பதை மலைநாட்டார்க்கு நான் சொல்ல வேண்டுமா? விளக்கைக் கையெட்டும் தூரம் பக்கவாட்டில் விலக்கிப் பிடித்தால் துகள் அடங்கும், பொருள் துலங்கும்.

நெருங்குதலுக்கு அடுத்தது நிதானம். கருவியை இரு கையாலும் பற்றி, காட்சி ஒன்றுக்குப் பத்து நொடியேனும் அசையாது நிற்க வேண்டும். காலை உதைத்தால் அடிச்சேறு கிளம்பும். கிளம்பிய சேறு அன்றைக்கு அடங்காது. தானே குவியம் தேடும் அமைப்பை விட்டுவைத்தால் கருவி மிதக்கும் துகளையெல்லாம் துரத்தும்; அதனை நிறுத்திக் குவியத்தை நிலைப்படுத்தல் நன்று. மேலிருந்து கீழ்நோக்கிப் பிடித்தால் எல்லாம் தரையோடு ஒட்டித் தோன்றும். பொருளின் மட்டத்துக்குத் தாழ்ந்து, சற்றே மேல்நோக்கிப் பிடித்தால் அதற்கு உயரமும் பின்புலமும் கிடைக்கும். கதிர் உச்சியில் நிற்கும் நண்பகலே தக்க பொழுது. சாய்ந்த கதிரின் ஒளியில் ஒரு பகுதி நீர்ப்பரப்பிலேயே தெறித்துவிடும்.

பேழையைப் பற்றியும் ஒரு சொல். அதன் காவல் முழுவதும் ஒரு மெல்லிய ரப்பர் வளையத்தில் நிற்கிறது. அதன்மேல் ஒரு தலைமயிர் கிடந்தாலும் போதும், நீர் புகுந்துவிடும். துடைத்து, உரிய மசகு சிறிதே தடவி, விளக்கொளியில் நோக்கி மூடுக. முதன்முறை கமரா இல்லாது வெறும் பேழையை மூழ்கவைத்துச் சோதித்தல் அறிவுடைமை. அட்டனின் ஈரக் காற்றை உள்ளே அடைத்துக் குளிர்நீரில் இறக்கினால் கண்ணாடி உட்புறம் வியர்க்கும். உலர்ந்த அறையில் மூடி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்தல் வேண்டும். கடலில் பயன்படுத்திய பின் நன்னீரில் ஊறவைத்துக் கழுவுக.

இவற்றை மவுசாக்கலைக்குப் பொருத்திப் பார்ப்போம். எவரும் விரும்பியபடி இறங்கத்தக்க இடம் அன்று அது. சேறு கால்களைப் பற்றும்; நீர் திடீரெனக் குளிரும்; மின் உற்பத்திக்கு நீர் இழுக்கும் வாயிலும் உண்டு. பொறுப்புள்ள அதிகாரிகளின் அனுமதியும், பயிற்சி பெற்ற சுழியோடிகளும் இன்றி மாணவர் எவரும் நீரில் இறங்குதல் கூடாது. இறங்காமலும் செய்யக்கூடியது உண்டு. நீர் வடியும் காலத்தில், அனுமதியுடன் படகில் இருந்தவாறே, நீண்ட மூங்கிற் கழியின் நுனியில் பேழையைக் கட்டி மெல்ல இறக்கலாம். நீர் முற்றும் வடிந்த நாளில் அதே சுவரை வெளியிலும் படம் பிடிக்கலாம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஊர் மூழ்கும் காட்சியே கண்முன் விரியும்.

எனினும் இக்கருவியால் இயலாத ஒன்று உண்டு. பேழைக்குள் அடைபட்ட கமரா நல்ல ஒலியைக் கேளாது. நீர்க்குமிழியின் இரைச்சலையும் தன் உறை உராயும் ஓசையையுமே கேட்கும். எனவே படத்துக்கு உரிய குரலைக் கரையில் தேட வேண்டும். அக்குரல் யாருடையது? பழைய கடைத்தெருவில் அரிசி வாங்கியவருடையது. அக்கோயில் திருவிழாவில் காவடி எடுத்தவருடையது. வீட்டைவிட்டு இறங்கிய நாளில் நிலைக்கதவைக் கழற்றித் தோளில் சுமந்தவருடையது. நெருங்குதல், நிதானித்தல், ஒளியைப் பக்கத்தில் பிடித்தல் என்ற மூன்று விதிகளும் அவரிடத்தும் செல்லும். தொலைவில் நின்று வினவினால் அவர் சொல்லார். அவசரப்பட்டால் நினைவு கலங்கும். முகத்துக்கு நேரே விளக்கைக் காட்டினால் வாய் மூடிக்கொள்வார்.

மலைநாட்டு ஆசிரியர்க்கு நான் விடுக்கும் வேண்டுகோள் எளியது. அடுத்த வறட்சி எப்போது வரும் என்று நாம் அறியோம். முதியோர் எத்துணைக் காலம் நம்மிடை இருப்பர் என்பதையும் அறியோம். நீர் வடியும்வரை குரலைப் பதிவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கமராவைப் பேழையில் இடுமுன், இவ்வாரமே அதனை ஒரு முதியவர் வீட்டுத் திண்ணையில் வையுங்கள். கோயில் எங்கு நின்றது, எவர் கடை எதன் அருகே இருந்தது என்று அவர் வாயால் கேட்டு, மாணவர் கையால் ஒரு வரைபடம் எழுதுவியுங்கள். நீர் வடியும் நாளில் கழியை எங்கே இறக்குவது என்பதை அவ்வரைபடம் சொல்லும்.