மாடித் தளத்திலிருந்து தொடங்குங்கள்

வீட்டைப் புதுப்பிக்கக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளரிடம் வங்கி அலுவலர் முதலில் கேட்பது, "எதற்காக?" என்பதுதான். இதைச் சிலர் படிவத்தை நிரப்புவதற்கான சம்பிரதாயம் என்று எண்ணிவிடுகின்றனர். ஒரே தொகையைச் செலவிட்ட இரு வீடுகளில் ஒன்று மதிப்பு உயர்ந்தும் மற்றொன்று பளபளப்பு மட்டும் கூடியும் நிற்பதை ஆண்டுதோறும் பார்க்கும் எங்களுக்கு, அக்கேள்வியின் விடையில்தான் கடனின் பயனே அடங்கியிருக்கிறது.

மதிப்பு என்ற சொல்லை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் ஒரு வீட்டை நிலம், கட்டடம் என இரண்டாகப் பிரித்தே பார்க்கிறார். நிலத்தின் விலை பொதுவாக ஏறும். கட்டடத்தின் விலை வயதுக்கேற்பத் தேயும். கட்டடம் இன்னும் எத்தனை ஆண்டுகள் உறுதியாக நிற்கும் என்பதை அவர் தம் அறிக்கையில் எழுத வேண்டும். ஆகவே அவருடைய கண் முதலில் செல்வது மேற்கூரைக்கும், தூண்களுக்கும், சுவரின் அடிப்பகுதியில் ஏறும் ஈரத்திற்கும்தான். வரவேற்பறையில் ஃபால்ஸ் சீலிங்கும் அதற்குள் வண்ண விளக்குகளும் இருந்தால் அவற்றை இரசிப்பார்; ஆனால் அறிக்கையில் அவற்றுக்குப் பெரிதாக இடமிருக்காது. உள்ளாட்சி அமைப்பின் அனுமதியின்றி மாடியில் எழுப்பிய அறைக்கும் இதே கதிதான். அது எத்தனை அழகாக இருந்தாலும் அனுமதி பெற்ற வரைபடத்தில் இல்லையென்றால் மதிப்பில் சேராது. விற்கும் வேளையில் அதுவே இடையூறாகவும் வந்து நிற்கும்.

நான் செகந்தராபாத்தில் பணியாற்றிய காலத்தில், பல ஆண்டுகளுக்கு முன் அங்கே குடியேறிய தமிழ்த் தம்பதியர் 8 இலட்சம் ரூபாய் கடன் கேட்டு வந்தனர். 1996-இல் கட்டிய, ஏறத்தாழ 1,000 சதுர அடித் தனி வீடு. இத்தாலிய மார்பிள் தரை, மாடுலர் கிச்சன், கூடம் முழுவதும் ஃபால்ஸ் சீலிங் என்று மதிப்பீட்டுச் சீட்டு வைத்திருந்தனர். வீட்டைப் பார்வையிட்ட பொறியாளர், கூரையின் அடியில் படர்ந்திருந்த பழுப்புக் கறைகளைக் காட்டி, மழைநீர் இறங்குவதாகச் சொன்னார். "அதனால்தான் சார் சீலிங் போடச் சொல்கிறோம், கறை தெரியாதே" என்றார் அந்த அம்மையார். பொறியாளர் ஒரு குச்சியால் கறையின் நடுவே தட்டினார். சாந்து உதிர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. கான்கிரீட்டுக்குள் இறங்கும் ஈரம் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், கான்கிரீட் உள்ளிருந்தே பிளந்து பெயர்கிறது. சீலிங் போட்டு மறைத்திருந்தால் இது பெரிதாகும்வரை யார் கண்ணிலும் பட்டிருக்காது.

மூன்று வாரம் யோசித்து அவர்கள் பட்டியலை மாற்றினர். கூரைப் பழுதும் நீர்க்கசிவுத் தடுப்பும் முதலில். மின்கம்பிகளை மாற்றுவது இரண்டாவது. மேற்கூரையில் வெப்பத் தடுப்பும் சூரியத் தகடுகளும் மூன்றாவது. சமையலறைக்குச் சிறிது பணம் மிஞ்சியது. மார்பிளுக்கு மிஞ்சவில்லை. அம்மையாருக்கு அதில் இன்றும் சிறிது வருத்தமுண்டு என்று அறிகிறேன்.

இந்த வரிசையை நான் மற்றவர்களுக்கும் பரிந்துரைப்பதற்குக் காரணம், நம் நாட்டின் வெயில். தனி வீட்டிலும் அடுக்ககத்தின் மேல்தளத்திலும் உள்ளே இறங்கும் வெப்பத்தில் பெரும்பங்கு கூரை வழியே வருவது. 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது; அந்த மாதத்தில் வழக்கத்தைவிட ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்கள் கூடுதலாகப் பதிவாயின. அதன்பின் 2013-இல் அந்நகரம் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. எளிய குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு பூசும் பணியும் அதன் தொடர்ச்சியாக வந்ததே. தெலங்கானா அரசு 2023 ஏப்ரலில் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. அரசு, வணிகக் கட்டடங்களுக்கும், 600 சதுர கெஜமும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் வீடுகளுக்கும் அது குளிர்கூரையைக் கட்டாயமாக்குகிறது. சிறிய வீடுகளுக்கு விருப்பத்தின் பேரில்.

குளிர்கூரை என்பது புதுக் கண்டுபிடிப்பு அன்று. நம் பக்கத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளம் இட்டு, அதன்மேல் தட்டோடு பதிப்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். குஜராத்தில் உடைந்த வெள்ளைப் பீங்கான் சில்லுகளைப் பதிப்பார்கள். கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி அகமதாபாத்தில் தமக்கென அமைத்துக்கொண்ட 'சங்காத்' அலுவலகத்தின் வளைகூரைகள் அத்தகைய சில்லுகளால் மூடப்பட்டவை. 2018-இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர் அவர். அவர் தேர்ந்துகொண்ட அந்தக் கூரைப்பொருளில் விலையுயர்ந்தது எதுவுமில்லை. இன்று கிடைக்கும் சூரிய ஒளியைத் திருப்பும் பூச்சுகள் இன்னும் எளியவை. ஆனால் தூசு படியப் படிய அவற்றின் திறன் குறையும். கோடைக்கு முன் கழுவ வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். ஓட்டுக்கும் பூச்சுக்கும் செலவை ஒப்பிடுவோர் இப்பராமரிப்பையும் கணக்கில் சேர்ப்பது நலம்.

நீர்க்கசிவைச் சரிசெய்யாமல் சூரியத் தகடுகளை ஏற்றுவது பெருந்தவறு. தகடுகளுக்கு 25 ஆண்டு உற்பத்தி உத்தரவாதம் தருகின்றனர். பாதி வழியில் கூரையைப் பெயர்க்க நேர்ந்தால் எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டும். கூரை சீரான பின்போ இது மிகச் சிறந்த முதலீடு. 'பிரதமரின் சூரிய வீடு: இலவச மின்சாரத் திட்ட'த்திற்கு மத்திய அமைச்சரவை 2024 பிப்ரவரி 29 அன்று ஒப்புதல் அளித்தது, ஒரு கோடி வீடுகளுக்கென ஒதுக்கப்பட்ட தொகை 75,021 கோடி ரூபாய். முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் வீதமும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியம். அதற்கு மேல் எவ்வளவு பெரிதாக அமைத்தாலும் மானியம் 78,000 ரூபாயைத் தாண்டாது. ஆகவே சராசரிக் குடும்பத்திற்கு 3 கிலோவாட் என்பதே பொருத்தமான அளவு. அதற்கு ஏறக்குறைய 300 சதுர அடி நிழலில்லாத இடம் தேவை. மாதத்திற்குச் சராசரியாக 300 யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். மழைக்காலத்தில் குறையும், கோடையில் கூடும். தகடுகளின் நிழல் கூரையின்மேல் விழுவதால் அடியிலுள்ள அறையும் சற்றுக் குளிரும் என்பது எந்தக் கணக்கிலும் வராத இலாபம்.

மானியத்திற்குச் சில நிபந்தனைகள் உண்டு. தகடுகள் உள்நாட்டில் தயாரானவையாக இருக்க வேண்டும். தேசிய இணையதளத்தில் பதிவுபெற்ற நிறுவனமே அமைக்க வேண்டும். மின்வாரியம் பார்வையிட்டு இருவழி மீட்டர் பொருத்திய பின்னரே மானியம் வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கில் வரவாகும். எனவே தொடக்கச் செலவு முழுவதையும் கையில் வைத்திருக்க வேண்டும், அல்லது இத்திட்டத்திற்கென வங்கிகள் தரும் பிணையில்லாக் கடனை நாட வேண்டும். அடுக்ககங்களில் மொட்டைமாடி அனைவருக்கும் பொது; தனியொருவர் விருப்பப்படி அங்கே எதையும் நிறுவ இயலாது. ஆனால் சங்கமாகச் சேர்ந்து லிஃப்ட், நீரேற்றும் மோட்டார், பொது விளக்குகளுக்கென அமைத்தால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. மாதப் பராமரிப்புத் தொகை குறைந்த அடுக்ககம் என்பது வீடு வாங்க வருபவரை உடனே கவரும் செய்தி.

மின்விசிறி விஷயத்தில் ஒரு சிறு கணக்கு. பழைய விசிறி 75 வாட் இழுக்கும், இன்றைய பி.எல்.டி.சி. விசிறி ஏறத்தாழ 30 வாட். நான்கு விசிறிகள் நாளொன்றுக்கு 14 மணி நேரம் சுழலும் வீட்டில் மாதத்திற்கு 75 யூனிட் மிச்சம். யூனிட் 6 ரூபாய் என்று கொண்டால் 450 ரூபாய். விசிறிகளுக்கு 12,000 ரூபாய் செலவழித்தால் இரண்டேகால் ஆண்டுக்குள் திரும்பிவிடும். படிநிலைக் கட்டணத்தில் மிச்சமாகும் யூனிட்டுகள் உச்சப் படியிலிருந்தே கழிவதால், உண்மைச் சேமிப்பு பலருக்கு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

மின்கம்பிகளும் கவனிக்க வேண்டியவை. முப்பது ஆண்டுகளுக்கு முன் விளக்கு, விசிறி, ஒரு கிரைண்டர் ஆகியவற்றுக்காகப் போட்ட கம்பிகளில் இன்று இரண்டு ஏ.சி.க்களும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஓடுகின்றன. கம்பியை மாற்றும்போதே நில இணைப்பைச் சரிபார்த்து, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியையும் பொருத்திவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத செலவு. உயிர் காக்கும் செலவும் அதுவே.

சுவர்களை இடித்து அறைகளைப் பெரிதாக்க விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. அலுமினிய அச்சுகளில் கான்கிரீட் ஊற்றி எழுப்பும் 'மைவான்' முறை அடுக்ககங்களில் உட்சுவர்களும் கட்டடத்தின் பாரத்தைத் தாங்குபவை. அங்கே ஓர் அலமாரிக்காகச் சுவரைக் குடைவதுகூட மேல்மாடிக்காரரின் பாதுகாப்பைத் தொடும் செயல். கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இன்றி எந்தச் சுவரிலும் கை வைக்கலாகாது.

மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை; 2003-இலேயே அங்கு எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமாயிற்று. கட்டாயத்திற்காக அமைத்த குழாய்கள் இன்று மண்ணடைத்துக் கிடக்கின்றனவா என்று பார்ப்பதே இப்போதைய வேலை. ஹைதராபாத் போன்று ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை பெறும் ஊரில், 1,000 சதுர அடிக் கூரையிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஏறத்தாழ 59,000 லிட்டர் நீர் சேரும். 5,000 லிட்டர் டேங்கர் லாரியில் கணக்கிட்டால் பன்னிரண்டு நடை. கோடையில் ஒரு நடைக்கு என்ன கொடுக்கிறோம் என்பதைப் பெருநகர வாசகர்கள் அறிவர்.

பசுமைக் கட்டடச் சான்றிதழ்களைப் பற்றிப் பலர் வினவுகின்றனர். இந்தியத் தொழில் கூட்டமைப்பு 2001-இல் தொடங்கிய இந்தியப் பசுமைக் கட்டட மன்றம், 'கிரிஹா' ஆகியவை சான்று வழங்குகின்றன. குடியிருப்புகளின் சுவர், சன்னல், கூரை வழியே வெப்பம் புகும் அளவுக்கு வரம்பிடும் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் நெறிமுறை 2018-இல் வெளியாயிற்று. புதிய அடுக்ககம் வாங்குவோர் இவற்றைக் கேட்டறிவது பயன்தரும். இருபது ஆண்டு பழைய தனி வீட்டுக்குச் சான்றிதழ் தேடிச் செல்வதைவிட அந்தப் பணத்தில் மேற்குச் சன்னல்களுக்கு வெளிப்புற நிழல்தடுப்பு அமைப்பது மேல் என்பது என் கருத்து. திரைச்சீலை வெயில் உள்ளே வந்த பிறகே தடுக்கிறது. சன்ஷேடும் மூங்கில் தட்டியும் வெளியிலேயே நிறுத்துகின்றன.

இனிக் கடன். வீட்டுச் சீரமைப்புக் கடனும், நடப்பிலுள்ள வீட்டுக் கடனின்மேல் பெறும் கூடுதல் கடனும் வீட்டையே ஈடாகக் கொண்டவை. ஆகையால் தனிநபர் கடனைவிட வட்டி குறைவு. அவசரத்திற்குத் தனிநபர் கடன் வாங்கி மார்பிள் பதிப்பவர்களைப் பார்க்கையில் எங்களுக்கே மனம் கேட்பதில்லை. எடுத்துக்காட்டாக 8 இலட்சம் ரூபாயை 14 சதவீத வட்டியில் 5 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 18,600. மொத்த வட்டி 3.17 இலட்சம். 9 சதவீதத்தில் 10 ஆண்டு எனில் தவணை 10,134 ஆகக் குறையும். ஆனால் மொத்த வட்டி 4.16 இலட்சமாக ஏறும். அதே 9 சதவீதத்தில் 5 ஆண்டு எனில் தவணை 16,607, வட்டி 1.96 இலட்சம் மட்டுமே. குறைந்த வட்டிக் கடனை நீண்ட காலத்திற்கு இழுத்தால் ஆதாயம் கரைந்துவிடும். மாறும் வட்டியில் தனிநபர்கள் தம் சொந்தத் தேவைக்குப் பெற்ற கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எனவே நீண்ட தவணை வாங்கியோர் போனஸ், முதிர்ந்த வைப்புத்தொகை ஆகியவற்றை இதில் செலுத்தலாம்.

வரிச்சலுகையைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பழைய வரி முறையில் உள்ளோருக்கு, தாம் குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்பு, புதுப்பிப்புக் கடன் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரையே கழிவு. வீடு வாங்கவோ கட்டவோ பெற்ற கடனுக்குரிய 2 இலட்சம் வரம்புக்குள் இதுவும் அடங்கும். குடியேறிய வீட்டைப் புதுப்பிக்க வாங்கிய கடனில் அசலைத் திருப்பிச் செலுத்துவதற்கு 80-சி பிரிவில் கழிவு இல்லை. புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு வட்டிக் கழிவும் கிடையாது.

பெரும்பாலோர் கவனிக்காத சலுகை வேறொன்று. வீட்டை விற்கும்போது, அதன் மதிப்பை நிலையாகக் கூட்டிய மேம்பாட்டுச் செலவுகளை அடக்க விலையுடன் சேர்த்துக் காட்டலாம். நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம் எனில், 8 இலட்சம் செலவுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரி குறையும். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் பழைய முறைப்படி விலைவாசிக் குறியீட்டுடன் 20 சதவீதம் கணக்கிட்டுப் பார்த்து, எது குறைவோ அதைச் செலுத்தலாம். வெள்ளையடிப்பும் சில்லறைப் பழுதும் மேம்பாட்டில் சேரா. புதிய அறை, புதிய கூரைத் தளம், சூரிய அமைப்பு போன்றவற்றையே காட்ட முடியும். அதற்கு ஆதாரம் வேண்டும். மேஸ்திரியிடம் துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிய கணக்கு பயன்படாது. பணத்தை வங்கிக் கணக்கு வழியே செலுத்தி, பெயரும் முகவரியும் வேலை விவரமும் உள்ள பில்லைப் பெற்று, வீட்டுப் பத்திரங்களின் நகல்களோடு ஒரே கோப்பில் வையுங்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீதுகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் வெளுத்துவிடும். அவற்றை மட்டும் அன்றே நகலெடுத்துவிடுங்கள்.