சாம்பல் தலை, மஞ்சள் வயிறு

பண்ணைப்புரத்துத் தோட்டங்களில் மஞ்சள் பறவைகளுக்குப் பஞ்சமில்லை. மாந்தோப்பில் மாங்குயில் வந்து உட்காரும். இலைகளுக்குள் ஒளிந்துகொண்டு மாம்பழச்சிட்டு விசிலடிக்கும். ஆனால் இன்று நாம் தேடும் குருவிக்கு மலைக்காட்டு நிழல் வேண்டும். ஊருக்கு மேற்கே நிற்கிற மலையில் ஏற வேண்டும். இல்லையென்றால் சின்னமனூர் வழியாக மேகமலைக்குப் போக வேண்டும். ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்வரும் உங்கள் அம்மாவோ அத்தையோ, பெயர் தெரியாமலே அதன் குரலைக் கேட்டிருக்கலாம்.

பெயர், சாம்பல் தலை ஈப்பிடிப்பான். நீளம் 12, 13 செ.மீ. இருக்கும். ஊர்க்குருவியைவிடச் சிறியது.

மஞ்சளாக ஏதோ பறந்தால் உடனே "அதுதான்!" என்று கத்திவிடாதீர்கள். அதே மலையில் வெள்ளைக்கண்ணியும் இருக்கிறது. அதற்குத் தொண்டை மஞ்சள், வயிறு வெளிர்சாம்பல், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். நம் ஈப்பிடிப்பான் அதற்குத் தலைகீழ்: தலையும் தொண்டையும் நெஞ்சும் சாம்பல், வயிறு பளிச்சென்ற மஞ்சள், முதுகு பச்சை. ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருக்கும்.

அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது தெரியுமா? கரோட்டினாய்டு என்ற நிறப்பொருளிலிருந்து. குருவியின் உடம்பால் அதை உண்டாக்க முடியாது. செடிகள் உண்டாக்குகின்றன, இலையைப் புழு தின்கிறது, புழு, பூச்சிகளைக் குருவி தின்கிறது. அப்படித்தான் இலையில் இருந்தது இறகுக்கு வந்து சேர்கிறது.

நிறம் சரியாகத் தெரியாத இருட்டுக் காட்டில், அது என்ன செய்கிறது என்று பாருங்கள். வெள்ளைக்கண்ணிகள் கூட்டமாக வந்து இலை இலையாகத் துழாவும். ஈப்பிடிப்பான் கிளையில் நிமிர்ந்து உட்காரும். சட்டென்று பாய்ந்து, பறக்கும் பூச்சியைக் காற்றிலேயே பிடித்துக்கொண்டு மறுபடி கிளைக்கு வரும். தட்டையான அலகும் அதைச் சுற்றி விறைப்பான மயிர்களும் இந்த வேட்டைக்கு ஏற்றவை. பல இனக் குருவிகள் ஒன்றுசேர்ந்து இரைதேடும் கூட்டங்களிலும் இது சேர்ந்துகொள்ளும். மற்றவை இலைகளைக் கலைக்கும்போது கிளம்பும் பூச்சிகள் இதற்கு விருந்து!

ஆனாலும் எனக்குப் பிடித்த அடையாளம் குரல்தான். "சிக்... விச்சிக் விச்சிக்" என்று கூர்மையாக, மேலேறிப் போகும். இளையராஜா பிறந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் காதைத் தீட்டிக்கொள்ளச் சொல்லித்தர வேண்டுமா என்ன! நமக்குக் குரல் பிறக்கும் இடம் தொண்டை. பறவைக்கு அது நெஞ்சுக்குள், மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிற இடத்தில் இருக்கிறது. சிரிங்ஸ் என்று பெயர். பாடும் பறவைகள் பலவற்றால் அதன் வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் தனித்தனியாக இயக்க முடியும். ஒரே குருவிக்குள் இரண்டு குரல்! செல்போனில் பதிவு செய்த குரலைப் போட்டு அதை வரவழைக்க மட்டும் முயலாதீர்கள். எதிரி வந்துவிட்டது என்று நினைத்து, இரைதேடுவதை விட்டுவிட்டுப் பதறும். மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகத்தின் பகுதி. அதனால் காட்டுக்குள் போக வேண்டாம். பெரியவர்களோடு சாலையோரம் நின்றாலே போதும், காது வேலை செய்யும்.

இந்தக் குருவிக்கு 1820-இல் அறிவியல் பெயர் வைத்தவர் வில்லியம் ஸ்வைன்சன். பூச்சி பிடிக்கும் விதத்தைப் பார்த்து, அறிவியலாளர்கள் நெடுங்காலம் இதை மற்ற ஈப்பிடிப்பான்களின் குடும்பத்திலேயே வைத்திருந்தார்கள். பிறகு மரபணுவைச் சோதித்தபோது கதையே மாறியது. ஈப்பிடிப்பான்களைவிடப் பட்டாணிக்குருவிகள்தான் இதற்கு நெருங்கிய சொந்தம். இன்று இதற்கு ஸ்டெனோஸ்டிரிடே என்று தனியாக ஒரு சின்னக் குடும்பமே இருக்கிறது. அதே குடும்பத்து உறவினர் ஒன்று தென்னாப்பிரிக்காவின் வறண்ட புதர்க்காட்டில் வாழ்கிறது. அதன் முதுகு சாம்பல். மஞ்சள் துளிகூட இல்லை.