கிரிவலப் பாதையில் ஜெர்மன் ஷெப்பர்ட்: வாங்கும் முன் என்ன தெரிஞ்சிருக்கணும்?

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் பசு லட்சுமி, மான், காகம் ஆகியவற்றின் சமாதிகளோடு ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி உண்டு. ரமணர் ஸ்கந்தாசிரமத்தில் இருந்த நாட்களில், கமலா என்ற நாய் புதிதாக வந்தவர்களை அழைத்துப்போய் மலையைச் சுற்றிக் காட்டுமாம். இப்படிப்பட்ட இடத்தில் வீடு எடுத்துத் தங்குபவருக்கு நாய் வளர்க்கும் ஆசை வருவது சகஜம். ஆனால், மனசில் இருப்பது ஜெர்மன் ஷெப்பர்ட் என்றால் கொஞ்சம் நில்லுங்க.

நம்மில் பலர் 'போலீஸ் நாய்', 'அல்சேஷன்' என்று சொல்லும் இது அடிப்படையில் ஆட்டு நாய். 1899-ல் மாக்ஸ் வான் ஸ்டெபானிட்ஸ் என்ற ஜெர்மானிய முன்னாள் ராணுவ அதிகாரி, ஹோரண்ட் என்ற நாயை வைத்து இந்த இனத்தை உருவாக்கத் தொடங்கினார். வேலி இல்லாத வயல்களுக்கு நடுவே ஆடு மேயும்போது, பயிரில் வாய் வைக்காதபடி மந்தையின் ஓரத்திலேயே நாள் முழுக்க ஓடிக்கொண்டிருப்பதுதான் இதன் வேலை. நடமாடும் வேலி. ஒருவகையில் மந்தைக்குக் கிரிவலம்!

அந்த ஓட்டம் இன்னும் ரத்தத்தில் இருக்கு. பால்கனியில் கட்டிப்போட்டுவிட்டு நீங்கள் லேப்டாப்பில் உட்கார்ந்தால், அது சோபாவைக் கிழிக்கும், குரைத்தே ஊரைக் கூட்டும், ஓடும் பைக்கையும் குழந்தைகளையும் துரத்தி வளைக்கப் பார்க்கும். அதைக் கெட்ட நாய் என்று சொல்ல முடியாது, வேலையில்லாத நாய். தினமும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் நடை, ஓட்டம் வேணும். பொருளை ஒளித்துவைத்துத் தேடச் சொல்வது மாதிரி மூளைக்கும் வேலை கொடுக்கணும்.

அடுத்த சிக்கல் வெயில். உடம்பில் இரட்டை அடுக்கு முடி. 'சூடா இருக்குமே' என்று மொட்டையடித்துவிடாதீங்க, வெயிலிலிருந்து தோலைக் காப்பதே அந்த முடிதான். சீவிவிட்டால் போதும். சித்திரை வெயிலில் செங்கம் சாலைத் தாரில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்க. உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். நடையை விடியற்காலைக்கு மாத்திடுங்க. அளவுக்கு மீறி மூச்சிரைத்து, எச்சில் ஒழுகி, தள்ளாடினால் வெப்ப மயக்கமாக இருக்கலாம். உடனே உடம்பை நனைத்து, ஃபேன் காற்றில் வைத்து, டாக்டரிடம் ஓடுங்க.

ஆண் நாய் 30 முதல் 40 கிலோ வரை வளரும். இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் அதிகம். அதனால் குட்டி வாங்கும்போது தாய், தகப்பன் நாய்களின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்க. காட்டத் தயங்குபவரிடம் வாங்காதீங்க. சாப்பாட்டை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்க. சாப்பிட்ட உடனே ஓடவிட்டால் வயிறு முறுக்கிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். உண்ணிக் காய்ச்சலுக்கு மாதாமாதம் தடுப்பு மருந்து, ரேபிஸுக்கு ஆண்டுதோறும் ஊசி.

இது 10, 12 வருஷப் பொறுப்பு. ஆறு மாத வாடகை ஒப்பந்தத்தில் தங்கியிருப்பவர் அதை யோசிக்கணும். காலி செய்துவிட்டுப் போகும்போது தெருவில் விடப்படும் ஷெப்பர்டால் தெருநாய்க் கூட்டத்தில் பிழைப்பது கஷ்டம். கமலா என்ன இனம் என்று யாரும் கேட்டதில்லை. துணைக்கு ஒரு நாய் போதும் என்பவர், வெயிலுக்குப் பழகிய தெருக்குட்டி ஒன்றை எடுத்து ஊசி போட்டு, கருத்தடை செய்து வளர்க்கலாமே?