விரியனுக்கு என்ன வேலை?

கடந்த கார்த்திகையில் எங்கள் வயலைப் பார்க்கப் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் வந்திருந்தார்கள். இயற்கை விவசாயத்துக்கு வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள். சம்பா தூர் கட்டி நின்ற நேரம். வரப்பில் நின்றுகொண்டு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். படைத்தவன் எதையும் வீணாகப் படைக்கவில்லை, புழுவுக்கும் ஒரு வேலை இருக்கிறது, பூச்சிக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று. முப்பத்தைந்து வருடம் வங்கியில் பேசிப் பழகிய வாய், கேட்க நன்றாகத்தான் இருந்திருக்கும்.

பக்கத்தில் களை பறித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப எங்க வூட்டுக்காரரக் கடிச்ச விரியனுக்கு என்ன வேல சார்?"

யாரும் பேசவில்லை. அவரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, குனிந்து வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது.

பூச்சியைப் பொறுத்தவரை எனக்குப் பதில் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கற்றுக்கொடுத்தது புகையான். இயற்கை வழிக்கு வந்த இரண்டாம் வருடம், ஆர்வக்கோளாறில் மீன் அமிலத்தையும் பஞ்சகவ்யத்தையும் மாற்றி மாற்றி அடித்துப் பயிரைக் கரும்பச்சையாக்கி வைத்திருந்தேன். பார்க்கிறவர்கள் எல்லாம் 'அடடா' என்றார்கள். மார்கழியில் வயலின் நடுவே வட்டமாக ஒரு இடம் பழுத்தது. நான்கைந்து நாளில் அது தீயில் கருகினதுபோல் ஆனது. தூரை விலக்கிப் பார்த்தால் தண்ணீர் மட்டத்துக்கு மேலே அப்பிக்கொண்டு இருக்கிறது புகையான். தழைச்சத்து அதிகமாகி, நெருக்கமாக நட்டு, தண்ணீரும் கட்டி வைத்தால் அது வராமல் என்ன செய்யும்? நான்தான் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறேன்.

தண்ணீரை வடித்தேன். எட்டடிக்கு ஒரு அடி பட்டம் பிரித்து, காற்றும் வெயிலும் தூருக்குப் போகும்படி செய்தேன். ஏக்கருக்கு நான்கு மூட்டை குறைந்தது. பக்கத்து வயல்காரர், நல்ல மனிதர், கடைக்காரர் கொடுத்த மருந்தை இரண்டு முறை அடித்தார். முதல் தடவை அடங்கியதுபோல் இருந்தது. பிறகு முன்பைவிட மோசமாகப் பெருகியது. அவருக்குப் பாதி வயல் போயிற்று.

இது ஏன் என்று படித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. புகையான் தன் முட்டையை இலையுறைக்குள்ளே செருகி வைக்கிறது. மேலே அடிக்கும் மருந்து அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த முட்டையைக் குத்திக் குடிக்கும் மிரிட் நாவாய்ப்பூச்சியும், குஞ்சுகளைத் தின்னும் ஓநாய் சிலந்தியும் வெளியே நடமாடுகிறவை. அவை செத்துப் போகும். ஒரு வாரத்தில் முட்டை பொரித்து வெளியே வரும் குஞ்சுகளுக்குக் காவல்காரனே இல்லாத வீடு கிடைக்கும். இந்தோனேசியாவில் இதே கதை நாடு முழுக்க நடந்தது. மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகிக்கொண்டே போனது. கடைசியில் 1986-இல் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தார். மருந்து குறைந்தது, விளைச்சல் குறையவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். இதை எல்லோருக்கும் சொல்ல ஆசை. நாம் பூச்சிகளை நன்மை செய்வது, தீமை செய்வது என்று இரண்டாகப் பிரிக்கிறோம். வயலில் இந்த இரண்டிலும் சேராத கூட்டம் ஒன்று உண்டு. தொழுவுரமும் தழையும் மட்கும் சேற்றில் பிறக்கும், கொசுவைப் போன்ற சின்னஞ்சிறு பூச்சிகள். அவை நெல்லைத் தொடுவதில்லை, நமக்கு நேரடியாக உதவுவதும் இல்லை. நட்ட சில நாட்களில், புகையான் இன்னும் வராத நேரத்தில், சிலந்திகள் இவற்றைத் தின்றுதான் வளர்ந்து பெருகுகின்றன. புகையான் வரும்போது சிலந்தி ஏற்கெனவே தயாராக நிற்கிறது. ஒரு ஓநாய் சிலந்தி ஒரு நாளைக்கு ஐந்து முதல் பதினைந்து பூச்சிகள் வரை தின்னும். நாம் போடும் எரு பயிருக்கு மட்டும் போடுவதில்லை, அந்தச் சிலந்தியின் ஆரம்பகாலச் சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் போடுகிறோம்.

தீமை செய்யும் பூச்சி அடியோடு இல்லாத வயலில் நன்மை செய்யும் பூச்சிக்கு என்ன வேலை? கடன் வாங்க ஆளே வராத ஊரில் வங்கிக் கிளையைத் திறந்து வைப்பதுபோல்தான். கொஞ்சம் புகையான் இருந்தே தீரவேண்டும்.

கோவைப் பக்கத்து விவசாயிகளுக்குப் பப்பாளி மாவுப்பூச்சி நினைவிருக்கும். 2008-இல் முதலில் அங்கேதான் கண்டார்கள். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எதையும் விடவில்லை. எந்த மருந்துக்கும் அது அசையவில்லை. அதன் பிறந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே அது பெரிய தொந்தரவு இல்லை, ஏனென்றால் அதன் உடம்பிலேயே முட்டையிட்டு அழிக்கும் குட்டிக் குளவிகள் அங்கே உண்டு. பூச்சி மட்டும் இங்கே வந்துவிட்டது, குளவி வரவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அந்தக் குளவியை வரவழைத்துத் தோட்டங்களில் விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. படைத்தவன் பற்றுக்கும் வரவுக்கும் ஒரே பக்கத்தில்தான் கணக்கு எழுதியிருக்கிறான், நாம்தான் பாதிப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்தோம். இப்படித்தான் நான் கூட்டங்களில் சொல்வேன். கைதட்டுவார்கள்.

அந்த அம்மாவின் கேள்விக்கு முன்னால் இதெல்லாம் நிற்கவில்லை.

விரியனுக்கும் கணக்கு எழுதலாம். டெல்டாவில் எலியின் தொல்லை சொல்லி மாளாது. கதிர் முற்றும் நேரத்தில் தஞ்சாவூர் கிட்டி வைக்க ஆள் தேடி அலைகிறோம். சாரை, நாகம், கண்ணாடி விரியன் எல்லாம் கூலி கேட்காமல் அந்த வேலையைச் செய்கின்றன. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததிலிருந்துதான் ரத்தக்கொதிப்புக்கு ஒரு வகை மாத்திரையே பிறந்தது. நான் தினமும் காலையில் போடுவது அந்த வகைதான். ஆக, என் உயிர் ஓடுவதில் ஒரு விரியனுக்குப் பங்கு உண்டு. ஆனால் இதை அவரிடம் போய் எப்படிச் சொல்வது? 'எலி குறைவதற்காக உன் புருஷன் போனார்' என்று சொல்லுகிற வாய் ஒரு வாயா?

அவர் கணவர் இறந்தது நான்கு வருடத்துக்கு முன் பங்குனியில். உளுந்து பறிப்பு. காய்ந்த கொடியைக் கையால் பிடுங்கும்போது அடியில் கிடந்த கண்ணாடி விரியன் விரலில் கடித்திருக்கிறது. கயிற்றால் இறுக்கிக் கட்டி, மந்திரிக்கிறவரிடம் கொண்டுபோய், அங்கே இரண்டு மணி நேரம் போயிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஈறிலிருந்து ரத்தம். பிறகு சிறுநீரகம் நின்றுவிட்டது. ஆறாம் நாள் முடிந்துவிட்டது. இந்தியாவில் வருடத்துக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியில் இறக்கிறார்கள் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. பெரும்பாலும் கிராமத்து ஆட்கள், நம் வயல்களில் நிற்பவர்கள்.

என் மனைவி கோயிலில் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறவள். அவளிடம் கேட்டேன். "உயிர்களைச் சாமி படைக்கவே இல்லைங்க. பதி, பசு, பாசம் மூணும் ஆரம்பமே இல்லாதது. வினைக்குத் தக்க உடம்பைத்தான் அவர் கொடுக்கிறார்" என்றாள். யோசித்தால் கெட்டிக்காரத்தனமான பதில்தான். ஆனால் அந்த உடம்புக்குப் பல்லும் விஷமும் எதற்கு என்று கேட்டதற்கு, "அதை நீங்களே அவர்கிட்ட கேளுங்க" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். நானும் பிரதோஷம் தவறாமல் கோயிலுக்குப் போகிறவன்தான். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பதில் தெரியாதவன் செய்யக்கூடியதைச் செய்தேன். கையுறை, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், இரவு மோட்டார் போடப் போகிறவர்களுக்கு டார்ச் வாங்கி வைத்தேன். அறுத்த வைக்கோலையும் கொடியையும் வரப்போரம் குவிப்பதை நிறுத்தினேன். கடித்தால் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது, நடக்க விடாமல் கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு நேரே அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்று பம்புசெட் சுவரில் எழுதி வைத்தேன். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். அந்த மருந்துக்கான விஷத்தைச் சேகரித்துத் தருவதில் பெரும்பங்கு மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உண்டு. 1978-இல் தொடங்கியது. விஷத்தை எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். கடித்ததற்கு மருந்து அதன் வாயிலேயே இருக்கிறது. இதையும் ஒரு பதிலாக அந்த அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அது சரி சார். அவரு போனப்புறம் இருந்து என்ன?" என்றார்.

இந்தப் பங்குனியில் உளுந்து பறிக்க ஆறு பேர் வந்தார்கள். பூட்ஸைப் போட்டுப் பார்த்துவிட்டு, காலில் கல்லைக் கட்டினதுபோல் இருக்கிறது என்று நான்கு பேர் கழற்றி வைத்துவிட்டார்கள். கையுறையை மட்டும் போட்டுக்கொண்டார்கள். அந்த அம்மா ஒரு கழியால் தரையைத் தட்டித் தட்டி முன்னால் போனார். பத்து மணி வாக்கில், கிழக்கு வரப்போரம் கொடி அசைந்தது. கனமான உடம்பு, முதுகில் சங்கிலி கோத்ததுபோல் வட்டங்கள். குக்கர் விசில்போல் சீறியது. யாரோ கழியைத் தூக்குவதற்குள் வரப்பில் இருந்த எலி வளைக்குள் போய்விட்டது.

வெட்டி எடுத்து அடிக்கலாம் என்றார் ஒருவர். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. அவர் கொஞ்ச நேரம் அந்த வளையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் அந்தப் பக்கம் வரல சார்" என்று சொல்லிவிட்டு மேற்கே போய்ப் பறிக்கத் தொடங்கினார். மற்றவர்களும் அவர் பின்னால் போனார்கள். கிழக்கு ஓரத்து உளுந்து அரை மூட்டை தேறியிருக்கும். காய் வெடித்துக் கொட்டும்வரை யாரும் அதைப் பறிக்கவில்லை.