உங்களுக்குத் தெரியுமா? ஹீலியமா, ஹைட்ரஜனா?

சாராயத்தில் மெத்தனால் கலந்திருக்கிறதா என்று சோதிக்கும் ஆய்வகங்களில் 'ஜி.சி.' எனப்படும் கேஸ் குரோமடோகிராஃப் கருவி இருக்கும். ஆவியாக்கிய மாதிரியை 0.25 மி.மீ. உள்விட்டமும் 30 மீட்டர் நீளமும் உள்ள கண்ணாடியிழைச் சுருள் வழியே ஒரு வாயு தள்ளிக்கொண்டு போகும். அதுதான் கேரியர் வாயு. 1952-இல் இங்கிலாந்தில் ஜேம்ஸும் மார்ட்டினும் இந்த முறையை வெளியிட்டபோது பயன்படுத்தியது, நைட்ரஜன்.

நைட்ரஜன் மலிவு, நன்றாகவும் பிரிக்கும். ஆனால் நொடிக்குச் சுமார் 12 செ.மீ. வேகத்தில்தான். அதற்கு மேல் விரட்டினால் பிரிப்பு கெட்டுவிடும். ஹீலியம் 20 செ.மீ.க்கு மேலும் தாங்கும். ஹைட்ரஜன் 40 வரை போனாலும் கவலையில்லை. வேகம்தான் முக்கியம் என்றால் போட்டியே இல்லை, ஹைட்ரஜன்தான்.

ஹீலியம் இயற்கை எரிவாயுக் கிணறுகளிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. காற்றில் கலந்தால் கடைசியில் விண்வெளிக்கே தப்பிவிடும். விலை ஏறுவதில் வியப்பில்லை.

கேரியராக ஹைட்ரஜன் புதிதல்ல. 1976-இல் செவ்வாயில் இறங்கிய இரண்டு வைக்கிங் கலங்களின் ஜி.சி.யிலும் ஓடியது ஹைட்ரஜன்தான்! 2012-இல் அங்கே இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியோ ஹீலியத்தைக் கொண்டுபோனது.

சரி, ஹைட்ரஜன் வெடிக்காதா? காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்திருந்தால் தீப்பிடிக்கும், 0.02 மில்லிஜூல் பொறி போதும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. எல்லோரும் சிலிண்டரைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், கவனிக்க வேண்டியது கருவியின் சூட்டுப்பெட்டியை. உள்ளே சுருள் முறிந்தால் வாயு அங்கேதான் தேங்கும். பக்கத்திலேயே சூடேற்றும் கம்பி. அழுத்தம் குறைந்தால் வாயுவையும் சூட்டையும் தானே நிறுத்திக்கொள்ளும் கருவிகள் இப்போது வந்துவிட்டன. ஆனால் சுருளைக் கழற்றிவிட்டு, வெளிவருவதை எரித்துக் கண்டறியும் சுடர் உணரிக்குப் போகும் ஹைட்ரஜனைத் திறந்தே விட்டால்? அதுவும் பெட்டிக்குள்தான் இறங்கும். சுருள் உணரியில் சேரும் வாயை அடைப்பு நட்டுப் போட்டு மூட வேண்டும்.

இன்னொன்று: சுருளுக்குள் நிமிடத்துக்கு 1 மி.லி. போகும்போது, நுழைவாயிலில் வாயுவை 50-க்கு 1 என்று பகிர்ந்துவிட்டால் 50 மி.லி. வெளியேற்றுக் குழாய் வழியாக அறைக்குள் வரும். அந்தக் குழாயைப் புகைபோக்கியில் சேர்த்துவிடுங்கள்.

எரியும் வாயு சிலிண்டர்களின் ரெகுலேட்டர் மரை இடம்புரி. நட்டின் முனைகளில் வெட்டுக் குறி இருக்கும். நைட்ரஜன் ரெகுலேட்டரைத் தெரியாமல் மாட்டிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இணைந்த கருவியில் ஹைட்ரஜன் சும்மா இருக்காது. நைட்ரோபென்சீனை அனிலீனாக மாற்றி, இல்லாத பொருளை இருப்பதாகக் காட்டிவிடும். டைகுளோரோமீத்தேன் கரைப்பானிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகலாம். அந்த வேலைகளுக்கு ஹீலியத்தை மிச்சம் வைப்பதே புத்திசாலித்தனம்.

எந்த வாயுவானாலும் 99.999 சதவீதத் தூய்மை வேண்டும். சூடான சுருளின் உட்பூச்சை ஆக்சிஜன் அரித்துவிடும். எனவே முதலில் வாயு, பிறகு சூடு. நிறுத்தும்போது சூடு தணிந்த பிறகே வாயுவை மூட வேண்டும்.