எண்ணால் இசையை அளந்தவர்

வீணைத் தந்தியைச் சரிபாதியில் அழுத்தி மீட்டினால் மேல் ஸ்தாயி ஷட்ஜம் பிறக்கும். மூன்றில் இரு பங்கு நீளத்தில் பஞ்சமம் பிறக்கும். ஷட்ஜத்தோடு பஞ்சமம் எவ்வளவு இசைந்து நிற்கிறது என்பதை எண்ணால் கூற இயலுமா? அதற்கு முயன்றவர் நம் நாட்டில் பிறந்த கிளாரன்ஸ் பார்லோ.

1945ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்த பார்லோ, 1965இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். 1968இல் ஜெர்மனியின் கோலோன் நகர் சென்று, ஸ்டாக்ஹவுசன் முதலியோரிடம் இசையமைப்புப் பயின்றார். பின்னர் ஹாலந்தின் உட்ரெக்ட் நகரில் மின்னொலி இசை கற்றார். மின் கருவிகளால் ஒலியை உண்டாக்கியோ, பதிவு செய்த ஒலியை மாற்றியமைத்தோ ஒலிபெருக்கி வழியே கேட்பிப்பதே மின்னொலி இசையாகும்.

சிறிய பகா எண்களாகப் பிரியும் எண்ணை மனம் எளிதில் செரிக்கிறது என்பது பார்லோவின் கருத்து. பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, வர்க்கமாக்கி, இரண்டால் பெருக்கி, அதே பகா எண்ணால் வகுத்தால் அதன் 'செரியாமை' கிடைக்கும். 2க்கு 1, 3க்கு 2.67, 5க்கு 6.4. பகு எண்ணுக்கு அதன் காரணிகளின் செரியாமைகளைக் கூட்ட வேண்டும். ஆகவே 4க்கு 2. ஒன்றுக்குச் செரியாமை இல்லை. இரு சுரங்களின் அதிர்வெண் விகிதத்திலுள்ள இரண்டு எண்களின் செரியாமைகளைக் கூட்டி, அத்தொகையால் ஒன்றை வகுத்தால் இசைவின் அளவு புலப்படும். மேல் ஷட்ஜத்துக்கு (1:2) 1. பஞ்சமத்துக்கு (2:3) 0.27, சுத்த மத்திமத்துக்கு (3:4) 0.21. செவி கூறும் வரிசையும் இதுவே.

இவ்வளவுகளைக் கணிப்பொறிக்கு ஊட்டி அவர் இசையமைத்தார். 1980களில் இயற்றிய 'இம் யானுவார் அம் நீல்' என்னும் படைப்பில் ஜெர்மன் வாக்கியங்களின் ஒலியைப் பகுத்து, அதனை வாத்தியங்களுக்குப் பங்கிட்டார். இரைச்சலற்ற ஒலிகளையே இதற்கெனத் தேர்ந்தார். நம் இலக்கணப்படி அவை உயிரும், மெல்லினமும், இடையினமுமே. வல்லினத்துக்கு அங்கு இடமில்லை.

ஹாலந்தின் ஹேக் நகரிலும், 2006 முதல் 2019 வரை கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவிலும் ஆசிரியப் பணி புரிந்த பார்லோ, 2023இல் காலமானார்.

ஆசிரியர்கள் இக்கணக்கைக் கரும்பலகையில் செய்து காட்டலாம். சதுசுருதி ரிஷபத்துக்கும் (8:9) அந்தர காந்தாரத்துக்கும் (4:5) விடை ஏறத்தாழ 0.12 என ஒன்றாகவே வரும். தம்புராவை மீட்டி அவ்விரு சுரங்களையும் ஷட்ஜத்தோடு பாடச் செய்தால், செவியும் அவ்வாறே கூறுகிறதா என்பதை மாணவர்களே தீர்மானிப்பர். செவி மறுத்தால், திருத்தம் பெற வேண்டியது சூத்திரமேயன்றிச் செவியன்று.