மொய்ப் பணமும் முறுக்குப் பணமும்

2025 ஜூலையில் கர்நாடகத்துச் சின்னக் கடைகளில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டைகளைக் கடைக்காரர்களே கிழித்துப் போட்டார்கள். 'யூபிஐ கிடையாது, ரொக்கம் மட்டும்' என்று கையால் எழுதிய காகிதம் அதே இடத்தில் ஏறியது. நான்கு வருடத்து யூபிஐ வரவைக் கூட்டிப் பார்த்து, ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போயிருந்தது. ஹாவேரியில் ஒரு காய்கறிக்காரரிடம் கேட்ட தொகை சுமார் 29 லட்சம் ரூபாய். நான்கு வருடத்தில் அவருக்கு வந்த வரவு 1.63 கோடி, வருடத்துக்குச் சராசரி 40 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். பச்சைக் காய்கறிக்கோ ஜிஎஸ்டியே கிடையாது.

எதிர்ப்பு வலுத்தது. பதிவு செய்துகொண்டு இனிமேல் ஒழுங்காக வரி கட்டினால் போதும், பழைய பாக்கியை வசூலிக்கப் போவதில்லை என்று மாநில அரசு அறிவித்தது. பயம் தணிந்தது. ஆனால் வீட்டுப் பணத்தையும் வியாபாரப் பணத்தையும் ஒரே நம்பரில் வாங்கி, இப்படிப்பட்ட நோட்டீசுக்கு வழி வைக்கும் பழக்கம் இன்னும் வீட்டுக்கு வீடு அப்படியே இருக்கிறது.

கர்நாடகத்தில், ஹைதர் அலி பிறந்த ஊர் என்று பெயர் பெற்ற பூதிகோட்டையையும் பக்கத்துத் தங்கவயலையும் எடுத்துக்கொள்வோம். 2001 பிப்ரவரி 28-இல் அங்கிருந்த தங்கச் சுரங்கம் மூடியதிலிருந்து, இந்தப் பக்கத்து ஆட்கள் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் இருப்பவர் முறுக்கு சுடுவார், ரவிக்கை தைப்பார், மசாலா அரைத்துக் கொடுப்பார். வியாபாரத்துக்கென்று தனிப் பெயர் இல்லை, தனி வங்கிக் கணக்கும் இல்லை. ஒரே போன், ஒரே நம்பர், ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட ஒரே அட்டை.

அந்த ஒரே நம்பரில்தான் வில்லங்கம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். முறுக்கும் அதிரசமும் சுட்டுக் கடைகளுக்குப் போடுகிற ஒரு வீட்டில் வருட விற்பனை 28 லட்சம். அந்த அம்மாதான் மகளிர் குழுவுக்குத் தலைவி. 15 பேர் மாதம் 4,000 வீதம் தவணையை அவர் நம்பருக்கே அனுப்புகிறார்கள். வருடத்துக்கு 7.2 லட்சம். பெங்களூரில் இருக்கும் மகன் மாதம் 20,000 அனுப்புகிறான், அது 2.4 லட்சம். அந்த வருடம் பார்த்து மகள் கல்யாணம். மொய் எழுதும் மேசையிலும் அதே அட்டையை வைத்துவிட்டார்கள். 3 லட்சம் சேர்ந்தது. கூட்டினால் 40.6 லட்சம்! பொருள் மட்டும் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும் 40 லட்ச வரம்பு தாண்டிவிட்டது. தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிற கம்ப்யூட்டருக்கு மொய் எது, முறுக்கு எது என்று எப்படித் தெரியும்?

உண்மையில் 28 லட்சத்துக்கு ஜிஎஸ்டி பதிவே வேண்டாம். வருமான வரியிலும் பயமில்லை. பெரிய கணக்குப் புத்தகம் இல்லாத சிறு வியாபாரிக்கு, வங்கி வழி வந்த விற்பனையில் 6 சதவீதமும் ரொக்க விற்பனையில் 8 சதவீதமும் லாபம் என்று வைத்துக்கொள்ளும் முறை இருக்கிறது. லாபம் அதைவிட அதிகமென்றால் அதைத்தான் காட்ட வேண்டும். முழுக்க யூபிஐயில் வந்த 28 லட்சத்துக்கு 6 சதவீதம் 1.68 லட்சம். 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் 4 லட்சம் வரை வரி கிடையாது. 12 லட்சம் வரை தள்ளுபடி போக வரி பூஜ்யம்.

தையலுக்கு வரம்பு வேறு: சேவை என்பதால் 20 லட்சம்தான். புடவையும் விற்று ரவிக்கையும் தைத்துக் கொடுத்தாலும் அதே 20 லட்சம் என்பது பலருக்குத் தெரியாது. பூதிகோட்டைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தெற்கே தமிழ்நாடு, கிழக்கே ஆந்திரா, இரண்டு எல்லையும் கிட்டத்தில். வாசலுக்கு வந்து வாங்கிப் போகிறவர் எந்த ஊராக இருந்தாலும் பிரச்சினை இல்லை. வரி உள்ள பொருளை வேப்பனப்பள்ளிக் கடைக்கோ குப்பத்துக் கடைக்கோ அனுப்பி விற்றால், விற்பனை பத்தாயிரமாக இருந்தாலும் பதிவு கட்டாயம்.

பதிவு செய்து ஒழுங்காக வரி கட்டும் கடைக்காரருக்கு, கணக்கே காட்டாத பக்கத்துக் கடையால் நஷ்டம் என்று ஒரு வாதம் உண்டு. அது சரிதான். ஆனால் இந்த வீடுகளில் பெரும்பாலும் ஏமாற்று இல்லை, கலப்புதான் இருக்கிறது.

அட்டையைக் கிழித்து ரொக்கத்துக்குத் திரும்புவதும் வழியல்ல. ரொக்கமும் விற்பனைதான், வரம்பில் அதுவும் சேரும். நாளைக்கு மாவு மெஷின் வாங்க வங்கியில் கடன் கேட்டால், காட்ட ஒரு வரவு வேண்டாமா? வரம்பைத் தாண்டினால்கூட 1.5 கோடி வரை, மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு இணக்க வரி முறையில் 1 சதவீதம்தான். 42 லட்ச விற்பனைக்கு 42,000 ரூபாய். ஆனால் அதை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்க முடியாது, கைக்காசு.

ஆகவே வீட்டில் வியாபாரம் செய்கிறவர்கள் இந்த வாரமே சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பான் கார்டும் போதும், கட்டணம் கிடையாது. அந்தச் சான்றிதழோடு வங்கிக்குப் போய் வியாபாரத்துக்கென்று ஒரு நடப்புக் கணக்கு திறந்து, அதற்கான புது அட்டையை ஜன்னலில் மாட்டுங்கள். மகன் அனுப்பும் பணமும் குழுத் தவணையும் மொய்யும் பழைய நம்பருக்கே வரட்டும்.